கோரிமேடு தாண்டிட்டேங்க

சேலம் அஸ்தம்பட்டியில் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார். நாம் இன்னும் லுங்கியில் இருக்கிறோம். போனில் என்ன சொல்வோம்? 'கோரிமேடு தாண்டிட்டேங்க.' கொண்டப்பநாயக்கன்பட்டிவாசிகளுக்கு மூச்சு மாதிரி வரும் பொய் இது. பழக்க தோஷத்தில் இதையே என் மகளின் டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "ஸ்கூலு உங்க வீட்டுக்கு மூணாவது தெரு. கோரிமேட்டுக்கு எதுக்குங்க சார் போனீங்க?"

மகள் ரெண்டாவது படிக்கிறாள். மனைவி ஏழரை மணி பஸ்ஸுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவதால் காலைப் பொழுது என் இலாகா. பிரேயர் பாட்டு எங்கள் சமையலறை வரை கேட்கும். அதைக் கேட்டபடியே நான் இன்னொரு தோசை திருப்பிக்கொண்டிருப்பேன். பிறகு வண்டிச் சாவி தேட வேண்டும். சாவி தேடுகிற நேரத்தில் நடந்தே போய்த் திரும்பிவிடலாம் என்பாள் மனைவி. தூரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் பேச்சு அது. வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது.

என் அம்மா வேறு தினசரி காலண்டரோடு வாசலில் நிற்பார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், கிளம்பக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஒன்பது முதல் பத்தரை எமகண்டம், போய்ச் சேரக் கூடாது. புதன்கிழமை அதே எமகண்டம் ஏழரைக்கே வந்துவிடும். இப்படி வாரத்தில் பாதி பஞ்சாங்கத்துக்குப் போக, மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு.

தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரித்தபோது நான் பஞ்சாங்கத்தை இழுக்கவில்லை. படித்தவனில்லையா, அறிவியலைத் துணைக்கு அழைத்தேன். "டீச்சர், இந்திய நேரம்ங்கிறது 82.5 பாகை தீர்க்கரேகைக் கணக்கு. 1906-ல வெள்ளைக்காரன் வச்சது. சேலம் இருக்கிறது 78 பாகைக்குக் கொஞ்சம் மேல. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். அப்படின்னா நம்மூருச் சூரியன் கடிகாரத்துக்கு 17 நிமிஷம் பின்னாலதான் வருது. சூரியனே லேட்டுங்க." அதோடு விட்டேனா? ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கே ஒதுங்கி உதிப்பதையும், அந்தப் பக்கம் சேர்வராயன் மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு மறித்து நிற்பதையும் எடுத்துச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ரொம்பச் சரிங்க சார். அப்ப சாயந்தரமும் சூரியனைப் பார்த்தே மணி அடிச்சுக்கலாம். நாலு பத்துக்கு மத்தவங்க போகட்டும். பாப்பா நாலு இருபத்தேழு வரைக்கும் உக்காந்திருக்கட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷமே வானவியலைக் கைவிட்டேன்.

தலைமையாசிரியை விடவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டுமாம். என் 17 நிமிஷத்தை 200-ஆல் பெருக்கினார். 56 மணி 40 நிமிஷம். நாளைக்கு நாலு மணி நேரம் என்று வகுத்தார். "பதினாலு நாள் லீவு லெட்டர் குடுக்காம லீவு போட்ட மாதிரிங்க சார்." சூரியனை நான் இழுத்திருக்கவே கூடாது. எண்ணைக் கையில் கொடுத்ததே நான்தானே.

முன்பெல்லாம் ரிஜிஸ்டர், வாத்தியார் மனசு வைத்தால் உண்டு. இப்போது செல்போன் செயலி. வந்தாளா, வரவில்லையா, இரண்டே கேள்வி. 'வந்துகொண்டிருக்கிறாள்' என்றொரு கட்டம் அதில் கிடையாது. தமிழ்நாட்டில் பாதிப்பேர் ஆயுள் முழுக்க இருக்கும் நிலை அது. அதற்கு ஒரு கட்டம் வைக்கக் கூடாதா?

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் நாம் தப்பித்தோம். அங்கே ரிஜிஸ்டர் மூடியபின் வந்தால் அந்த வேளைக்கே ஆப்சென்ட். பத்து வாரத்துக்குள் காரணமில்லாத ஆப்சென்ட் பத்து வேளை சேர்ந்தால் அபராதம் வரை போகலாம். 2024 ஆகஸ்டிலிருந்து 80 பவுண்டு. 21 நாளில் கட்டாவிட்டால் 160. அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அம்மாவுக்கு எதுக்கு?" என்றாள் மனைவி. கேட்ட குரலில், 160-ம் என் தலையில்தான் என்பது தெளிவாக இருந்தது.

நம் பக்கத்து வழக்கம் வேறு. அபராதம் போட்டால் அப்பன்மார் வாதாடுவார்கள். அடுப்பு மூட்டினால் பிள்ளைகள் தானே வந்துவிடும். 1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. 2023 ஆகஸ்டு 25 முதல் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வெறும் வயிற்றோடு வரும் குழந்தைகளுக்கான திட்டம். என்னைத் திருத்த யாரும் கொண்டுவரவில்லை. வீட்டில் தோசைக்கல் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்று நானும் மகளை அனுப்பாமல் இருந்தேன். என் தோசையின் தரத்தைப் பற்றி அவளுக்குத் தனிக் கருத்து இருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை எட்டு மணிக்கே பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் நாலாவது படிக்கும் அக்காவின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். அம்மா மறித்தார். "எமகண்டம் சாமி, ஒம்போது மணிக்கு மேல போலாம்."

"இன்னிக்குப் பொங்கல் ஆயா. ஒம்போதுக்குப் போனாத் தீந்துடும்."

அம்மா காலண்டரைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். பசிக்கிற பிள்ளைக்கு எமகண்டம் பார்க்கக் கூடாது, பெரியவங்களுக்குத்தான் அது என்று தீர்ப்பாயிற்று. நான் அவசரமாக எழுந்து, "இரு கண்ணு, வண்டி எடுக்கறேன்" என்று சாவியைத் தேடினேன்.

"நீ மெதுவா வாப்பா" என்றாள் மகள், தெருவில் இறங்கியபடியே. "தண்ணி பாட்டில் வீட்டுலயே இருக்கு. மணியடிக்கறதுக்குள்ள எடுத்துட்டு வந்துரு."