வீட்டுக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்

பஞ்சபூதத் தலங்களைப் பங்கு பிரித்தபோது நெருப்பு திருவண்ணாமலைக்கு வந்தது. காற்று காளஹஸ்திக்குப் போய்விட்டது. ஆகவே காற்றைப் பற்றிக் கவலைப்படுவது ஆந்திரக்காரர்களின் பொறுப்பு என்று இந்த ஊர் நினைத்திருந்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்களில் வாயு லிங்கம் என்று ஒன்று உண்டுதான். அங்கேயும் பக்தர்கள் நின்று, கற்பூரம் கொளுத்தி, வாயுவுக்கே ஒரு வாய் புகை கொடுத்துவிட்டுத்தான் அடுத்த லிங்கத்துக்கு நடக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், போளூர் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் கடைக்குட்டி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுப்பாடத்தோடு வந்தாள். 'உங்கள் வீட்டில் எங்கிருந்தெல்லாம் புகை வருகிறது? பட்டியலிடுக.'

"நம்ம வீட்டுல ஏதும்மா புகை? கேஸ் அடுப்புதானே! 'இல்லை'ன்னு எழுதிட்டுப் போ" என்றார் அப்பா. அப்படிச் சொன்னபோது அவர் வாசலில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் குவித்துத் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தார்.

இந்த வம்புக்கெல்லாம் மூலம் உச்ச நீதிமன்றம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-இல் நீதிபதிகள் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினால் நாடு திருந்தும் என்பது எண்ணம். பாடம் படித்த பிள்ளை சாயங்காலம் நாலரை மணிக்கு வீடு திரும்பும், திரும்பியதும் பெற்றவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் என்பதைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை.

இருட்டுவதற்குள் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது. வாசல் சருகு: அப்பா. ஸ்கூட்டர்: அப்பா. மிளகாய் தாளிப்பு: அம்மா. சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம்: ஆயா. கொசுவர்த்திச் சுருள்: எல்லாரும். கடைசி வரியில் 'மொட்டை மாடி பீடி' என்று எழுதி, பேர் போடாமல் விட்டிருந்தாள். தாத்தா அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

பட்டியலோடு முடிந்திருந்தால் தேவலை. பள்ளியில் ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளை அட்டையைச் சதுரமாக வெட்டி, மெல்லிசாக வாஸ்லின் தடவி, வெவ்வேறு இடத்தில் தொங்கவிட வேண்டும். சில நாள் கழித்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வாசல் கேட்டில் ஒன்று, சமையலறை ஜன்னலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பூஜை அலமாரி மேல் ஒன்று. கேட்டில் தொங்கிய அட்டை செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. அது தெருப் புழுதி. சமையலறை அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் படிந்திருந்தது. பூஜை அலமாரி அட்டையோ கண்மை டப்பா மூடிபோல் கறுத்துக் கிடந்தது. அதற்கு நேர் மேலே கூரையிலும் அதே கறுப்பு வட்டமாகப் பதிந்திருந்ததை அன்றைக்குத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அதன்மேல் வெள்ளையடித்துவிடுவதால் அது இத்தனை வருஷமாக யார் கணக்கிலும் வரவில்லை.

"இது கண்ணுக்குத் தெரியற தூசி மட்டும்தான். பி.எம். 2.5 தெரியவே தெரியாது" என்றாள் அவள். அது உண்மை. இரண்டரை மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள்கள் அவை. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் தடுப்பது பெரிய துகளைத்தான். இவை நேராக நுரையீரலின் காற்றறைக்குப் போகும். மிகச் சிறியவை அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40. "எட்டு மடங்கு தாராளம்" என்று அம்மா கணக்குப் போட்டுச் சொன்னாள்.

ஆயா விட்டுக்கொடுக்கவில்லை. "மலை உச்சியில, 2,668 அடி உசரத்துல, ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊத்தி, காடாத்துணியில திரி போட்டு எரிக்கிற ஊருடி இது. பதினோரு நாள் எரியும். அந்தக் கொப்பரையில படிஞ்ச மையை ஆருத்ரா தரிசனத்தன்னிக்கு நடராஜருக்குச் சாத்தி, நமக்குப் பிரசாதமாத் தர்றாங்க. கரியை நெத்தியில வெச்சுக்கற ஊருல வந்து கற்பூரத்தைக் குத்தம் சொல்றியா?"

"நெத்தியில வெச்சுக்கோ ஆயா. நெஞ்சுக்குள்ள வெச்சுக்காத."

ஆயாவுக்கு வாயடைத்துப்போன சம்பவங்கள் குடும்ப வரலாற்றில் குறைவு. இது அதில் சேர்ந்தது. விஷயம் என்னவோ எளிமையானதுதான். தீபம் எரிவது மலை உச்சியில், காற்று சுழன்றடிக்கும் இடத்தில். அந்தப் புகை பரந்து கரைய வானம் இருக்கிறது. கற்பூரம் எரிவது எட்டடிக்குப் பத்தடி அறையில், மூக்குக்கு ஒரு முழ தூரத்தில். எவ்வளவு புகை என்பதைவிட அது எங்கே, எவ்வளவு நேரம், யார் மூக்குக்குப் பக்கத்தில் என்பதுதான் நுரையீரலுக்குக் கணக்கு. லாரிப் புகையைத் திட்டுகிறவர் சாம்பிராணிப் புகையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். வாசனையாக வருகிற புகையை யாரும் புகையாகவே சேர்ப்பதில்லை.

கொசுவர்த்திக்கும் அதே சலுகை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்றது கணக்கு. சிறுமி இதை உரக்கப் படித்ததும் தாத்தா கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பாத்துக்கோங்க! நான் ஒரு நாளைக்கு நாலே நாலு பீடி. இந்த வீட்டுல பெரிய புகைகாரன் கட்டிலுக்குக் கீழே சுருண்டு படுத்திருக்கான். இத்தனை நாளா என்னையே சொல்லிக்கிட்டு இருந்தீங்க!"

அவருடைய வெற்றி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூட நீடிக்கவில்லை. பரணிலிருந்து கொசுவலை இறங்கியது, மறுவாரம் ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள், சுருள் போனது. இப்போது பட்டியலில் பெரிய பெயர் தாத்தாவுடையதுதான்.

சருகு விவகாரம் சட்டத்தால் தீர்ந்தது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. நுரையீரல், ரத்தம், மைக்ரோகிராம் எதற்கும் அசையாத அப்பா, ஐயாயிரம் என்றதும் ஒரு வாளித் தண்ணீரோடு வாசலுக்கு ஓடினார். இப்போது துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. சருகும் காய்கறித் தோலும் அதில் மக்குகின்றன. "இதெல்லாம் எங்க அப்பா காலத்துலயே செஞ்சது" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் அவர் விளக்குகிறார்.

அடுத்தது ஸ்கூட்டர். பள்ளி வாசலில் பெற்றோர் வண்டிகள் வரிசையாக நின்று, எஞ்சினை அணைக்காமல் உறுமும். நடுவில் பிள்ளைகள் வெளியே வருவார்கள். பெரியவர்களுக்கு இடுப்பளவில் போகிற புகை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூக்களவு. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடல் எடைக்கு அதிகக் காற்றை இழுக்கிறார்கள். உலகில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 93 சதவீதம் பேர் மாசடைந்த காற்றைச் சுவாசிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. லண்டனில் நெரிசலான சாலையை ஒட்டி வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013-இல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் மரணத்தில் காற்று மாசுக்கும் பங்குண்டு என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதினார். இந்தச் செய்தியை வாசித்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பள்ளி வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார். பக்கத்து வண்டிக்காரர்களை முறைக்கவும் ஆரம்பித்திருக்கிறார்.

பண்டிகைகள்தான் பெரிய தலைவலி. சத்தம் போடாது, சுடாது, பாவம் சின்னப் பிள்ளை கொளுத்தட்டும் என்று நாம் கையில் கொடுக்கும் பாம்பு மாத்திரைதான், புனே மார்பு ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் சோதித்த பட்டாசுகளில் அதிக நுண்துகளைக் கக்கியது. ஆயிரம் வாலா அதற்கு அடுத்துதான். போகிக்கு டயர் கொளுத்தும் வழக்கத்தை விடச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சுகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் வேறு ஊருக்குத் திரும்பின. 'பழையன கழிதல்' பட்டியலில் விமான அட்டவணையும் சேர்ந்துகொண்டது.

ஊரில் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. மலையில் பல ஆண்டுகளாக மரம் வளர்க்கும் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, கணத்தம்பூண்டியில் மருதம் பண்ணைப் பள்ளியை நடத்துகிறது. அங்கே பிள்ளைகள் மலைக்குப் போய் மரக்கன்று நடுவதும் படிப்பில் சேர்த்திதான். கோடைக்கு முன் காய்ந்த புல்லை வரிசையாக அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். ஒரு பக்கம் பற்றினால் மலை முழுக்கப் பரவாமல் அது தடுக்கும். இதைக் கேட்ட நம் வீட்டு வாரியமான கடைக்குட்டி, பெற்றோரையும் மலைக்குக் கூட்டிப்போய்க் கன்று நட வைப்பது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது. அம்மா மூட்டு வலி என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.

காற்றுத் தரக் குறியீட்டுக்கு ஆறு நிறம் உண்டு. 50 வரை பச்சை. 400-க்கு மேல் கருஞ்சிவப்பு. வாரியம் இப்போது ஆளுக்கொரு நிறம் கொடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரே ஒரு கட்டிக் கற்பூரம் என்று ஒப்புக்கொண்ட ஆயா மஞ்சளுக்கு இறங்கியிருக்கிறாள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்கும் அம்மா பச்சை. தாத்தாவின் நிறத்தை இங்கே எழுதாமல் விடுவது மரியாதை.

சமீபத்தில் பெரம்பூர் மாமா பௌர்ணமி கிரிவலத்துக்குக் காரில் வருவதாகப் போன் செய்தார். தனியாள். போனை வாங்கியது வாரியம்.

"கார் வேணாம் மாமா. பீச் ஸ்டேஷன்லருந்து சாயங்காலம் நேரா இங்க ரயில் இருக்கு. 2024 மே மாசத்துலருந்து ஓடுது, டிக்கெட்டும் கம்மிதான். கரண்ட்ல ஓடுறது, புகையே கிடையாது."

"அது நடுராத்திரி பன்னெண்டு மணிக்கு இல்ல வந்து சேருது? ஸ்டேஷனுக்கு அப்பாவை ஸ்கூட்டர் எடுத்துட்டு வரச் சொல்லு."

"நடந்து வாங்க மாமா. ரெண்டு கிலோமீட்டர்தான். பதினாலு கிலோமீட்டர் நடக்கத்தானே வர்றீங்க?"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுல புண்ணியம் இருக்கு தாயி. ஸ்டேஷன் ரோட்டுல என்ன இருக்கு?"