துருவிலக்கணம்

பழைய காரைப் புதுப்பிப்போர்க்கு ஓர் இலக்கணம் இல்லையே என வருந்துவார் பொருட்டு இந்நூல் செய்யப்பட்டது. எடுத்துக்காட்டுக்குக் கொண்டது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்து, 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. அம்பாசிடர் இருக்க இதை ஏன் எடுத்தீர் எனின், இதன் உடல் பல துண்டாகச் செய்து, தனிச் சேஸிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. மூட்டு மிகுந்தால் புணர்ச்சி மிகும். போதாததற்குத் தயாரான ஊரில் கடல் வேறு.

நிலைமொழி தகரம், வருமொழி தண்ணீர். காற்று சாரியையாக வரும். உப்பு உடனிருந்தால் புணர்ச்சி விரைந்து முடியும். விளையும் விகாரம் வழக்கம்போல் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல் என்பது பெயிண்ட் உரிந்த இடத்தில் காணும் செம்மை. வயர் பிரஷ், துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலம், மேலே ஒரு கை ரெட் ஆக்சைடு, வேலை முடிந்தது. கெடுதல் என்பது ஸ்க்ரூடிரைவர் தடையின்றி உள்ளே போவது. அதற்கு வெட்டித் தைப்பதன்றி வேறு விதியில்லை.

இடைப்பட்ட திரிதலே ஆராயத்தக்கது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்பது. ஆதலால் உள்ளிருந்து தள்ளி, பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பும். கொப்புளத்தைத் தேய்த்துப் பட்டி பூசி மினுக்குவார் உளர். அது உரையைத் திருத்தி மூலத்தை விட்டுவிடுவது. காரணம் உள்ளே இருக்கிறது. இதை உள்ளுறைத் துரு என்போம். ஹெரால்டில் இதன் இருப்பிடங்கள் கதவடி, ஸ்டெப்னி கிடக்கும் குழி, பேட்டரித் தட்டு, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள்.

கதவடியை மட்டும் சற்று விரிப்போம். கண்ணாடியோரத்து ரப்பர் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்; அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேறும் என்பதே மூல ஏற்பாடு. பின்னாளில் மறுபெயிண்ட் அடித்தவர் பட்டியோடு அத்துளைகளையும் மூடிவிட்டிருப்பார். சைக்கிள் ஸ்போக்கால் குத்தினால் டிகாக்ஷன் நிறத்தில் நீர் வடியும். கடைசி மழை எப்போது பெய்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிராது.

இனி உரிமையாளர். அசற்பித்தர், போல்ட்டின் தலையில் உள்ள எழுத்தைக் கூடப் பார்ப்பவர். ஓட்டையும் தொழிற்சாலையில் போட்டதே என்று வாதிடத் தயங்கார். பட்டியர் விற்பதற்காகப் புதுப்பிப்பவர். இவரை அறியக் காந்தம் ஒன்று போதும். துணியில் சுற்றி மட்கார்டின் மேல் நகர்த்த, ஒட்டிக்கொண்டே வந்தது ஓரிடத்தில் கையோடு வந்துவிடும். அங்கே இரும்பு தொக்கி நிற்கிறது என்க.

காப்புப்பித்தர் இவ்விருவரினும் அபாயமானவர், ஏனெனில் நல்லெண்ணம் உடையவர். அடிப்பாகம் முழுக்கக் கறுப்புத் தார் பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். தார் சில ஆண்டில் இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் காய வழியின்றி அங்கேயே தங்கும். துரு கண்ணுக்கும் தெரியாது, வேலையையும் நிறுத்தாது. பிறகு அந்தத் தாரைச் சுரண்டும் டிங்கர் அண்ணன் சொல்லும் சொற்கள் இந்நூலுள் அடங்கா.

அங்ஙனமாயின் செய்வது யாது? மெழுகு. மூடிய பகுதிகளுக்குள், ஏற்கெனவே உள்ள துளை வழியே நீண்ட குழாய் செலுத்தித் தெளிக்கும் மெழுகு. புதிதாகத் துளை போடவே வேண்டாம். மெழுகு வெளியே தெரியாது. வேண்டாதபோது டர்பன்டைனால் கழுவலாம். தொழிற்சாலை செய்யாததைச் செய்தால் அசல் கெடாதோ எனின், அற்றன்று. அக்காலத்தில் பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் பெயிண்டே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. அந்தப் போதாமையையும் மரபென்று காக்க வேண்டுமா? கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வெளிறியிருந்தாலும் பழைய பெயிண்ட் நிற்கட்டும். தெரியாத இடத்தில் காப்பு ஆளட்டும். அசற்பித்தர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

புறனடை ஒன்று. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிப்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாததே விண்டேஜ் வாகனம். மட்கிய தாங்கு கையை அதே கனம், அதே வடிவில் மாற்றுவது திரிபாகாது என்பது இவ்வுரையாசிரியர் துணிபு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துத் துணிபு வேறாகலாம் ஆதலின் வெட்டுமுன் போட்டோ எடுத்து வைக்க. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரை அண்டவே விடற்க. விண்டேஜ் எனப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு இவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். மெரினாவுக்குக் காற்று வாங்கப் போவது அப்பட்டியலில் இல்லை. விதி எழுதியவர்க்குத் துருவிலக்கணம் தெரிந்திருக்கிறது.