எடைமேடையும் ஏலமும்

கேள்வி: என் தம்பி மகன் செங்கல்பட்டில் காலேஜ் கபடி டீமில் ரைடர். நல்ல வேகம். ஆனால் 62 கிலோதான், உயரமும் கம்மி. புரோ கபடியில் எடுப்பார்களா?
– வாசகர் ஒருவர், படாளம்

பதில்: உங்கள் ஊர் சர்க்கரை ஆலையில் கரும்புக்குத்தான் எடை போட்டுக் காசு. ரைடருக்குப் பாயின்ட்டை எண்ணித்தான்! எதிரில் ஆறு பேராவது நின்றால் போனஸ் கோட்டைத் தொடலாம். ஒல்லிப் பையன்கள் பிழைப்பதே அந்தக் கோட்டில்தான். ஆனால் கார்னர்காரன் கணுக்காலைப் பிடித்துவிட்டால் 62 கிலோ பல்லிளித்துவிடும். பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வரத் தொடையில் பலம் வேண்டும். வேகத்தை விடாமல் ஏழெட்டுக் கிலோ ஏற்றச் சொல்லுங்கள். (பரோட்டா கணக்கில் சேராது.)

எடுப்பார்களா என்றால், ஏலத்தில் அணிகள் பெரிய பெயரை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு நட்சத்திர ரைடர் பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் மேட்ச்சிலேயே முழங்காலில் அடி. சீசனைத் தோளில் சுமந்தவர் புதுமுகம் நரேந்தர். அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே எடைப் பஞ்சாயத்துதான். டெவான்டா ஸ்மித் என்ற வீரர் சுமார் 75 கிலோ. அங்கே அது நோஞ்சான் கணக்கு. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2021-இல் துணிந்து எடுத்தது. 2025 சூப்பர் பவுலில் டச்டவுன் போட்டார், கோப்பையும் வந்தது.

தம்பி மகன் முதலில் பல்கலைக்கழக அணிக்குள் நுழையட்டும். அரியர் ஏதாவது இருந்தால், அதையும் தொட்டுவிட்டுத் திரும்பட்டும்!