புடலங்காய்க்குக் கல் கட்டுதல்: கத்திரி வெயில் காலக் கொல்லை குறித்த முதற்கட்ட ஆய்வு

களம்: தஞ்சைப் பக்கத்து வீடொன்றின் கொல்லை. காலம்: அக்கினி நட்சத்திரம். ஆய்வு முறை: தலையில் ஈரத்துண்டோடு ஒரு சுற்று. இத்துறையில் போதிய ஆய்வுகள் நிகழவில்லை என்று தொடக்கத்திலேயே வருந்துவது மரபு. வருந்தியாயிற்று.

தக்காளி: பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். தாண்டியது. உதிர்ந்தது.

பப்பாளி: ஆண் மரம், காய்க்காது. வீட்டில் குளிக்கிற தண்ணீரெல்லாம் அதற்குத்தான் போகிறது (பெரியம்மா, கிணற்றடி, வாய்மொழி).

கறிவேப்பிலை: தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த தம் மாணவர் கோனிக்கின் பெயரால் 1771இல் லின்னேயஸ் இதைப் பெர்கெரா கோனிகீ என்றார். பின்வந்தோர் பெர்கெரா தவறு என்று முர்ராயாவில் சேர்த்தனர். அவர்களுக்கும் பின்வந்தோர் முர்ராயா தவறு, பெர்கெராவே சரி என்கின்றனர். இந்தச் சர்ச்சை எதுவும் எட்டாத அடுத்த வீட்டார், மதிலுக்கு மேலே கை நீட்டி வழக்கம்போல் ஒடித்துக்கொண்டு போகிறார்கள்.

இனிப் புடலை. பிஞ்சின் நுனியில் கல் கட்டினால் காய் நேராக இறங்கும், கட்டாவிட்டால் சுருண்டுகொள்ளும். இது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆய்வுக்கு உரியதன்று. உரியது கல். அதன் அளவு பற்றிப் புளியங்கொட்டைக் கட்சி, எலுமிச்சங்காய்க் கட்சி என இரண்டு உண்டு. எலுமிச்சங்காய் அளவு கட்டினால் பிஞ்சு காம்போடு அறுந்துவிடும் என்பது முன்னவர் வாதம். புளியங்கொட்டை அளவு கட்டினால் காய் கல்லையும் சேர்த்தே சுருட்டிக்கொள்ளும் என்பது பின்னவர் மறுப்பு (அத்தை, கைபேசி வழி, பருப்பு வெந்த வேளை, குக்கர் விசிலால் இடையில் பாடம் சிதைவு). கட்டும் கயிற்றில் வாழைநாரே மூலபாடம். சணல் பாடபேதம். நைலான், ஐயமின்றி இடைச்செருகல்.

இக்கொல்லைக் கல்லில் வரிசையாகக் கீறல்கள் உள்ளன. விருந்துக்கு வந்த பேராசிரியர் ஒருவர் அவற்றைக் கண்டதும் இலையை விட்டு எழுந்துவிட்டார். கீழடிப் பானையோட்டுக் குறியீடுகளோடு இவற்றை ஒப்பிட வேண்டும் என்றார். பாயசம் வந்தபோது ஒருபடி முன்னேறி, இது நடுகல்லாகவும் இருக்கலாம், பந்தலிலிருந்து விழுந்துபட்ட பிஞ்சுகளுக்கு எடுத்தது என்றார். உடைந்த அம்மியின் சில்லு அது, கீறல் அம்மி கொத்திய உளியுடையது என்ற கருத்தும் நிலவுகிறது (பெரியம்மா, திண்ணை, அவர் மாமியார் வழிக் கேள்வி, அத்தையின் மறுப்பு, மறுநாள், மொட்டை மாடி, வடாம் பிழிகையில், மறுப்புக்கு மறுப்பு, குடும்ப வாட்ஸ்அப் குழு, அனுப்பியவரால் நீக்கப்பட்டது, நீக்கும்முன் சித்தப்பா எடுத்த நகல், கீழ்ப்பகுதி தெளிவில்லை). அம்மி கொத்தியவரைக் கேட்டாலே தீர்ந்துவிடும் என்றேன். அது ஆய்வு நெறி ஆகாது என்று பேராசிரியர் மறுத்துவிட்டார்.

காயின் நீளத்தை அளக்க நாடாவோடு கொல்லைக்குப் போனபோது அது அடுக்களையில் கூட்டுக்கு அரிந்தாகிவிட்டிருந்தது. கல் அடுத்த பிஞ்சில் தொங்கியது, நைலான் கயிற்றில்.