ஓரிக்கு எத்தனை மதிப்பெண்?

1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு, வீரனின் குணங்களை வலிமை, அறிவு, கவர்ச்சி உள்ளிட்ட ஆறாகப் பிரித்து, மூன்று பகடை உருட்டி எண் போட்டது. வீடியோ கேம்கள் பலவும் அந்தக் கணக்கின் வாரிசுகள்தாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை அதில் ஏற்றிப் பாருங்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்வதால் வில்லுக்கு முழு மதிப்பெண். இரப்போருக்கு யானை கொடுத்த வள்ளன்மைக்கோ கட்டமே இல்லை. கவர்ச்சிக்குள் அது அடங்கும் என்பார்கள். அந்தக் கட்டம் பெரும்பாலும் கடைக்காரனிடம் விலை குறைக்கத்தான் உதவும். கொடை எதிரியை வீழ்த்துமா என்று கேட்டால், வில்லும்தான் ஓரியைப் போரில் காரி என்ற மன்னனிடமிருந்து காக்கவில்லை (காரியும் ஓரியைப் போலக் கடையெழு வள்ளல்களில் ஒருவன்தான், கொடைப்புள்ளியில் ஆட்டம் சமன்). ஆனாலும் ஆடி மாதம் கொல்லிமலைச் செம்மேட்டில் அரசு விழா தோற்றவருக்குத்தான் நடக்கிறது.