ஆளில்லாத கப்பலைக் கண்டா மெயின் சுவிட்சைப் போடு

லே பேராண்டி, வானத்துல இருந்து வந்த பூதம் ஒரு கப்பலையே பிடிச்சு ஆட்டுதுன்னு வேர்த்துப்போயி நிக்கியே, 1999-ல வந்த ‘வைரஸ்’ படந்தானே பாத்த? பூதத்தை விடு. அதுல மனுசப்பயலுவ பண்ணுன கூத்தைக் கேளு. நாளைக்கு நீ கப்பல் வேலைக்குப் போனா உதவும்.

அந்த இழுவைக்கப்பல் கேப்டன் எவர்ட்டன் இருக்காரே, டொனால்ட் சதர்லாண்ட் வேசங்கட்டுனவரு, அவரைத்தான் நீ குருவா வெச்சுக்கிடணும். கையில இருந்த காசையெல்லாம் சரக்குல போட்டாரு. இன்சூரன்ஸ் மட்டும் போடல. எவ்வளவு மிச்சம் பாரு! தென் பசிபிக்ல புயல் அடிச்சுது; பின்னால கட்டி இழுத்த பார்ஜ் முங்கிப்போச்சு. மனுசன் துப்பாக்கியத் தூக்கித் தன் தலைக்கே வெச்சுட்டாரு. அந்நேரம் பாத்துப் புயலோட கண்ணுக்குள்ள ஒரு பெரிய ரஷ்யக் கப்பல் மிதக்கு. ஆளும் இல்ல, விளக்கும் இல்ல. கேப்டனுக்குப் போன உசுரு திரும்பி வந்துட்டு. ஆபத்துல கெடக்குற கப்பலைக் காப்பாத்திக் கரைசேத்தா அதோட மதிப்புக்குத் தக்கன சன்மானம் உண்டுன்னு கடல் சட்டம் இருக்குல்லா? சாகப்போனவரு மனசுல கணக்கு ஓட ஆரம்பிச்சுட்டு.

நீயும் அப்படியே செய்யி. நடுக்கடல்ல ஆள் பூரா மாயமான கப்பலைக் கண்டா, எங்க போனாவன்னு கேட்டு நேரத்தை வீணாக்காதே. பங்கு எவ்வளவுன்னு கேளு. இருட்டா கெடந்தா, எவனோ காரணமாத்தான் அணைச்சிருப்பான்னு மட்டும் யோசிச்சுராதே. மொத வேலையா கரண்டைப் போடு. அவுக அதைத்தான் செஞ்சாவ. மின்சாரமே உடம்பா இருக்குற பூதம் கொட்டாவி விட்டு எந்திரிச்சுட்டு. அதை முடக்கிப்போடணும்னு கரண்டை நிறுத்திட்டு ஒளிஞ்சு கெடந்த நாடியாங்குற ரஷ்யக்காரி பாடுபட்டதெல்லாம் வீணாப்போச்சு. சுவிட்சைப் போட்ட கை உழைச்ச கையாம், பேராண்டி, சம்பளம் கேக்கும்.

பூதம் மீர் விண்வெளி நிலையத்துல ஏறி, அங்கேருந்து கப்பலோட பெரிய டிஷ் வழியா எறங்கி வந்துதாம். வந்ததும் பட்டறையில உக்காந்து எந்திரப் பூச்சி செய்யுது. பூச்சி பத்தாம மனுசனையே பிடிச்சு, பழைய பைக்கைப் பிரிச்சு விக்குற கடை மாதிரி கை தனி, தலை தனின்னு கழட்டி மாட்டுது. கேட்டா, இந்த பூமியப் பிடிச்ச வைரஸே நீங்கதான்னு நம்மளையே சொல்லுது. எவர்ட்டனைப் பாத்தப்புறம் அதை நான் முழுசா மறுக்க மாட்டேன். இத்தனைக்கும் அவரு அதுகூடப் பேரம் பேசப் போனாரு. பங்கு கேட்டவரே உதிரிபாகமா ஆயிட்டாரு. கடைசில தப்பிச்சவுக எப்படித் தப்பிச்சாவ? ராக்கெட் கட்டுன நாற்காலில ஏறி. உயிர்காக்கும் படகுன்னு ஒண்ணு இருக்குறதை உலகமே மறந்துட்டு போல.

படம் எடுத்த ஜான் புரூனோ லேசுப்பட்ட ஆளில்ல. ‘தி அபிஸ்’ங்குற இன்னொரு கடல் படத்துக்குக் காட்சி வித்தை செஞ்சு ஆஸ்கர் வாங்குனவரு. எந்திரப் பூதத்தைப் பாத்தா அந்தக் கைவேலை தெரியத்தான் செய்யுது. கதைக்குத்தான் கரண்ட் வரல. சுமாரா 7.5 கோடி டாலர் போட்டு, 3 கோடி சொச்சம் எடுத்தாவ. நாயகி ஜேமி லீ கர்ட்டிஸே பேட்டியில இந்தப் படத்தைக் கழுவி ஊத்தியிருக்கா. நேர்மையான பொம்பள.

இப்ப நெசக் கதைக்கு வா. அந்த ரஷ்யக் கப்பல் அசல்ல அமெரிக்கக் கப்பல், பேரு வாண்டன்பர்க். 1943-ல கடல்ல எறக்குனது. போர்ல சிப்பாய்களைச் சொமந்துது, போர் முடிஞ்சதும் அகதிகளைச் சொமந்துது. அப்புறம் பெரிய பெரிய டிஷ்ஷை மாட்டி ஏவுகணை எங்க போகுதுன்னு பாக்குற வேலைக்கு விட்டாவ. சினிமாக்காரங்க ரஷ்ய எழுத்தைப் பூசி வேசம் போட்டாவ. 2009 மே 27-ல புளோரிடாவுல கீ வெஸ்ட் பக்கம் வெடி வெச்சு வேணும்னே முக்குனாவ, மீன் குடியிருக்கட்டும்னு. ரெண்டே நிமிசத்துக்குள்ள அடிக்குப் போயிட்டு. மீர் மட்டும் என்ன, 2001 மார்ச்ல அதை எறக்குனப்ப எரிஞ்சது போக மிச்சம் தென் பசிபிக்லதான் விழுந்துது.

அதனால தாத்தா சொல்லுதேன், படத்தைப் பாத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கிடாதே. நீச்சலை ஒழுங்கா படி. முக்குளிக்கக் கத்துக்கிட்டவுக இன்னைக்கும் காசு கட்டி அந்தக் கப்பலைப் பாக்கப் போறாவ. படத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கு.