ரைட்டர் ஆவது எப்படி?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ 'ரைட்டர்' என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்தான். அரசுச் சம்பளம். வாசகர்கள் பெஞ்சில் காத்திருந்து, சில சமயம் வெள்ளைத்தாளும் தாங்களே வாங்கி வருவார்கள். இரண்டாம் வகை, கம்பெனி ரைட்டர். 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரைட்டராக மதராசில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்த பிறகே முன்னுக்கு வந்தார்.

சம்பளமில்லாத ரைட்டர் மூன்றாம் வகை. இவருக்குக் கோபமும் கைமாற்றும் வேண்டும். இந்தியரான முத்துசாமி ஐயர் மதராஸ் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இகழ்ந்தன. ஆத்திரப்பட்ட இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். தங்கசாலைத் தெரு ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதிகள் அச்சாயின. 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' பிறந்தது. அனுபவம், முதல், அலுவலகம் எதுவும் கிடையாது. இன்றைய வங்கி மேலாளர் எவரும் இந்த விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்.

சம்பள வேலைக்கு வெளியே எழுதியதில் துறைமுகத்து எழுத்தர் ஒருவரும் இந்த வகைதான். 1913 ஜனவரியில் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா ராமானுஜன், பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் எழுதிக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தபாலில் சேர்த்தார். அதற்கு முன் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியதில் தபால் செலவுதான் மிச்சம்.

'தி இந்து'வைத் தொடங்கிய அறுவரில் ஒருவரான ஜி. சுப்ரமணிய ஐயருக்குக் கடன்பட்டும் புத்தி வரவில்லை. 1882இல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904இல் அங்கே உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தவர் பாரதியார்.